மெஷின் கணக்கும் வீட்டுக்காரம்மா கணக்கும்

கல்லூரி நாளிலிருந்து வைத்திருந்த மீசையை 2024 பங்குனியில் ஒரு காலை மழித்துவிட்டேன். சேர்வராயனுக்கு ஏதோ வேண்டுதல் என்று தோட்டத்து ஆட்கள் நினைத்துக்கொண்டார்கள். மேஸ்திரி மட்டும் நேராகவே கேட்டார்: "என்னங்க ஐயா, மொகமே மாறிப்போச்சு?"

"காத்து லீக் ஆவுது, அதான்" என்றேன். அவர் என் வாயையும் மூக்கையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மிளகு காய்ந்துகொண்டிருந்த களத்துப் பக்கம் போய்விட்டார்.

எனக்கு ஸ்லீப் அப்னியா. தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதையை அடைத்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் மூளை பதறி எழுப்பும், ஒரு பெரிய கர்ஜனையோடு மூச்சு வரும், மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. தூங்குகிறவனுக்கு இது எதுவும் தெரியாது. ஏற்காட்டில் குறட்டைக்கென்று யாரும் டாக்டரிடம் போவதுமில்லை. குளிர் ஊர், கம்பளிக்குள் எல்லோரும் விடுவதுதானே என்று விட்டுவிடுவோம். "குறட்டை நின்னுச்சுன்னாதாங்க எனக்குப் பயம். எழுந்து உக்காந்து மூக்குக்கிட்ட கை வெச்சுப் பாப்பேன்" என்று என் வீட்டுக்காரம்மா பல வருஷமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். அவர் பள்ளிக்கூட டீச்சர். எதையும் மிகைப்படுத்திச் சொல்கிறவர் இல்லை. ஆனாலும் நான் கிளம்பியது அதற்காக இல்லை, ஜீப்புக்காக. ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை இருபது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை. உரம் எடுக்க சேலத்துக்கு இறங்கிக்கொண்டிருந்த ஒரு நாள், ஒரு பலகையைப் பார்த்தபோது அதற்கு முந்தைய வளைவுகளைக் கடந்த ஞாபகமே எனக்கு இல்லை. கண் திறந்துதான் இருந்தது. அடிவாரத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு மகளுக்குப் போன் போட்டேன்.

சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தலையிலிருந்து கால்வரை ஒயர் ஒட்டிப் படுக்கவைத்து ஸ்லீப் ஸ்டடி எடுத்தார்கள். பத்து நொடி அல்லது அதற்கு மேல் மூச்சு நின்றால் ஒரு முறை என்று கணக்கு. முழுக்க நிற்காமல் குறைந்து, அதனால் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கினாலோ தூக்கம் கலைந்தாலோ அதுவும் சேரும். மணிக்குச் சராசரியாக இப்படி எத்தனை முறை என்பதுதான் ஏ.எச்.ஐ. ஐந்துக்குள் இருந்தால் சரி. 15 வரை லேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. எனக்கு 43. ஆக்சிஜன் ஒரு கட்டத்தில் 74 வரை இறங்கியிருந்தது. கொரோனா காலத்தில் விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டிப் பழகிய எங்களுக்கு 74 என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இந்த நோயின் பெயர் எங்கள் வீட்டில் முதலில் காதில் விழுந்தது 2022 பிப்ரவரியில், இந்தி இசையமைப்பாளர் பப்பி லஹிரி மும்பையில் இறந்தபோது. டாக்டர்கள் அதைத்தான் காரணமாகச் சொன்னார்கள். நகையும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட மும்பைக்காரர்களுக்கு வருவது போலும் என்று அன்று டிவியை அணைத்தோம். டெல்லி எய்ம்ஸ் ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைச் சேர்த்து 2023-ல் போட்ட கணக்கில், இந்தியாவில் வயதுவந்தோரில் நூற்றுக்குப் பதினொரு பேருக்கு இது இருக்கிறது. பத்துக் கோடிக்கு மேல் வருகிறது.

சிகிச்சை சிபாப் மெஷின். முகத்தில் மாஸ்க், அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் மறுமுனையில் செங்கல் அளவுக்கு ஒரு பெட்டி. பெட்டி ஊதும் காற்று தொண்டையை உள்ளிருந்து விரித்துப் பிடித்துக்கொள்ளும். மருந்து எதுவும் இல்லை, வெறும் காற்றழுத்தம். சிட்னியில் காலின் சலிவன் என்ற டாக்டர் 1980-ல் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு இதை வைத்துப் பார்த்து, அடுத்த வருஷம் ஐந்து பேரின் விவரத்தை லான்செட் இதழில் எழுதினார். அதுவரை கடுமையான நோயாளிகளுக்குத் தொண்டையில் ஓட்டை போடுவது ஒன்றே வழி. அவருடைய ஆரம்ப கால மெஷின்களில் ஓடியது வேக்குவம் கிளீனர் மோட்டார். மாஸ்க்கை ராத்திரிக்கு ராத்திரி பசை போட்டு மூக்கில் ஒட்டுவார்களாம். அதை நினைத்தால் என் பாடு பரவாயில்லை.

மெஷின் வந்த மறுநாள் காலை திரையைப் பார்த்தேன். ஏ.எச்.ஐ. 3.1. பக்கத்தில் ஒரு சிரித்த முகம். 43 எங்கே, 3 எங்கே! படம் எடுத்து மகளுக்கு வாட்ஸப் செய்தேன். விற்றவரும் "சூப்பர் சார், உங்க தெரபி பர்ஃபெக்ட்" என்றார். ஆனால் காப்பிப் பழம் எடுப்பு மும்முரமாக இருந்த அந்த மார்கழியில், மதியச் சோற்றுக்குப் பிறகு களத்து மேட்டில் நாற்காலி போட்டால் பழையபடி தலை தொங்கியது. கூலிக் கணக்கு எழுதும்போது பேனா நோட்டில் கோடு இழுத்துக்கொண்டே போயிருக்கும். திரையில் சிரித்த முகம், களத்தில் தூங்கி வழியும் முகம். இரண்டில் எதை நம்புவது? விற்றவரிடம் கேட்டேன். "எண் நல்லா இருக்கே சார், வயசுக் களைப்பா இருக்கும்" என்றார். எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு.

நுரையீரல் டாக்டர் அந்தச் சிரித்த முகத்தைச் சட்டையே செய்யவில்லை. மெஷினுக்குள் இருந்த கார்டைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் சொருகினார். அவர் முதலில் பார்த்தது ஏ.எச்.ஐ.யை இல்லை, மணி நேரத்தை. தினமும் பத்து மணிக்கு மெஷின் தொடங்குகிறது. இரண்டு மணி வாக்கில் கோடு முடிந்துவிடுகிறது.

"ரெண்டு மணிக்கு மேல என்ன பண்றீங்க?"

"தூங்கறேன் டாக்டர்."

"மாஸ்க்கோட இல்லையே."

கனவுத் தூக்கத்தின் பெரும்பகுதி ராத்திரியின் கடைசி மூன்றில் ஒரு பங்கில்தான் வருமாம். அப்போது உடம்புத் தசைகள் மொத்தமாகத் தளர்ந்து கிடக்கும், தொண்டையும் சேர்த்து. பெரும்பாலானவர்களுக்கு மூச்சு மிக மோசமாக அடைவது அந்த நேரத்தில்தான். அந்த நேரத்தில் என் மாஸ்க் கட்டில் சட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மெஷின் தான் ஓடிய நேரத்தை மட்டும் வைத்துச் சராசரி போட்டு 3.1 என்று சொன்னது. ரோட்டோரச் செடியை மட்டும் பார்த்துத் தோட்டத்து மகசூலைச் சொல்கிற வியாபாரிகளை எனக்குத் தெரியும்; இது அந்தக் கணக்கு.

ராத்திரிக்கு நான்கு மணி நேரம் போட்டால் போதும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். அது அமெரிக்க மெடிகேர் காப்பீட்டுக்காரர்கள் பணம் கொடுப்பதற்கு வைத்த வரம்பு: மாதத்தில் நூற்றுக்கு எழுபது ராத்திரி, நாலு மணி நேரம். உடம்பு போட்ட வரம்பு இல்லை. 2016-ல் வெளிவந்த சேவ் என்ற பெரிய ஆய்வு ஏழு நாடுகளில் நடந்தது, இந்தியாவும் அதில் ஒன்று. ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்த 2,700-க்கு மேற்பட்டவர்களை எடுத்துக்கொண்டு சிபாப் கொடுத்துப் பார்த்தார்கள். பகல் தூக்கமும் மனச்சோர்வும் குறைந்தன. மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. 'சிபாப் இதயத்தைக் காப்பாற்றாது' என்று தலைப்புப் போட அது போதும். டாக்டர் அதில் இன்னொரு எண்ணைக் காட்டினார். அந்த நோயாளிகள் சராசரியாக மெஷின் போட்ட நேரம் ராத்திரிக்கு 3.3 மணி. ஏறக்குறைய என் கணக்குத்தான்.

இரண்டு மணிக்கு ஏன் கழற்றுகிறேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. தெரிந்தது வீட்டுக்காரம்மாவுக்கு. "மூக்குல தண்ணி சொட்டுதுன்னு முனகிட்டே புடுங்கிப் போடறீங்க" என்றார். மூக்கு காயாமல் இருக்க மெஷினுக்குள் ஒரு தண்ணீர்த் தொட்டியும் சூடு தட்டும் உண்டு. சென்னையில் அந்த ஈரக்காற்று ஈரக்காற்றாகவே வந்து சேரும். மார்கழி ஏற்காட்டில் குழாய் ஜில்லென்று கிடக்க, உள்ளே வரும் ஈரம் வழியிலேயே குளிர்ந்து நீராகி, பள்ளம் பார்த்து ஓடி, கடைசியில் என் மூக்கில் இறங்கியது. ஈர அளவை இரண்டு படி குறைத்தோம். என் பழைய ஸ்வெட்டரின் கையை வெட்டி, குழாய்க்கு உறைபோல மாட்டி, இருபுறமும் நூல் ஓட்டிக் கொடுத்தார் டீச்சர். பெட்டியைக் கட்டிலைவிடத் தாழ்வாக ஒரு முக்காலியில் வைத்தோம், தேங்கும் தண்ணீர் பெட்டிப் பக்கமே திரும்பட்டும் என்று. பதினைந்தாயிரம் ரூபாய்க்குச் சூடேறும் குழாய் ஒன்று இருக்கிறது என்று விற்றவர் சொன்னார். இருக்கட்டும்.

மெஷின் ஆறு மணி நேரம், ஆறரை மணி நேரம் என்று ஓட ஆரம்பித்தது. அதோடு புதிதாக இன்னொன்று தலைகாட்டியது: லீக். மாஸ்க்கில் நாம் விடும் மூச்சு வெளியேற வேண்டுமென்றே ஓட்டைகள் உண்டு. அது போக ஓரங்களில் கசிவதுதான் லீக். ரெஸ்மெட் கம்பெனி மெஷின் ஓட்டைக் கணக்கைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் காட்டும், நிமிடத்துக்கு 24 லிட்டரைத் தாண்டினால் அதிகம் என்று எச்சரிக்கும். பிலிப்ஸ் மெஷின் மொத்தத்தையும் சேர்த்துக் காட்டும். இரண்டு வீட்டுக்காரர்கள் உட்கார்ந்து எண்ணை ஒப்பிட்டால் சண்டைதான் வரும். லீக் பெரிதாக இருந்தால் அழுத்தம் தொண்டைவரை போய்ச் சேராது. அதைவிட மோசம், மூச்சு நிற்பதை மெஷினால் சரியாகப் பிடிக்கவும் முடியாது. ஆக, லீக் அதிகமான ராத்திரியில் ஏ.எச்.ஐ. குறைவாக வந்தால் சந்தோஷப்படுவதற்கில்லை. எனக்கு எங்கிருந்து கசிகிறது என்று தேடிய டாக்டர் என் மேலுதட்டைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். சேலத்துக்காரர் இல்லையா, மீசையைப் பற்றிப் பேச யோசித்திருப்பார். மூக்குத் துளையில் மட்டும் உட்காரும் சின்ன மாஸ்க்குக்கு மாறலாம், அல்லது... என்று இழுத்தார். சின்ன மாஸ்க்கையும் போட்டுப் பார்த்தேன், மூக்கு புண்ணாகிவிட்டது. பிறகு நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன். மறுநாள் காலைத் திரையில் லீக் கோடு தரையோடு கிடந்தது. வீட்டுக்காரம்மா ரெண்டு நாள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தார்.

அவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் சமையலறைச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் பால் கணக்கு எழுதுவார். ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர். மெஷின் வந்ததிலிருந்து அதே கட்டத்தில் பாலுக்குக் கீழே என் ராத்திரியையும் குறித்துவந்திருக்கிறார். குறட்டை கேட்டால் 'கு', மாஸ்க்கைக் கழற்றினால் 'க', காற்று புஸ்ஸென்று கசிந்தால் 'பு'. ஒன்றுமில்லாத நாளில் வெறும் பால் மட்டும். டாக்டர் அந்தக் காலண்டரைப் போட்டோ எடுத்துவரச் சொல்லி, ரிப்போர்ட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தார். 'பு' இருந்த நாட்களும் லீக் ஏறிய நாட்களும் அநேகமாக ஒன்றாகவே இருந்தன.

அந்த வருஷம் ஆடி மழையில் புதிய குழப்பம். ரிப்போர்ட்டில் ஏ.எச்.ஐ. திடீரென்று 9, 11 என்று ஏறியது. தொண்டை அடைப்பு அல்ல. 'சென்ட்ரல்' வகை, அதாவது பாதை திறந்திருக்கும்போதே மூளை மூச்சுவிடச் சொல்ல மறந்துவிடுவது. மெஷின் இதைக் கண்டுபிடிக்கும் முறை சாமர்த்தியமானது. மூச்சு நின்றவுடன் சிறுசிறு காற்றுத் துடிப்புகளை அனுப்பிப் பார்க்கும், பாதை திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று. சிபாப் தொடங்கிய புதிதில் சிலருக்கு இப்படி வரும், பெரும்பாலும் சில மாதத்தில் தானே அடங்கும். எனக்குப் புதிதும் இல்லை. இன்னொரு சந்தேகம் உயரம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர், சேலம் முந்நூறுக்கும் கீழே. ஸ்விட்சர்லாந்தில் சூரிச் ஆய்வாளர்கள் தாழ்ந்த ஊர்களில் வசிக்கும் ஸ்லீப் அப்னியாக்காரர்களை 1,860 மீட்டர் மலைக்குக் கூட்டிப்போய்ப் படுக்கவைத்திருக்கிறார்கள். மெஷின் இல்லாமல் படுத்தவர்களுக்கு மூச்சு நிற்பது வெகுவாக ஏறியது, ஏறியதில் பெரும்பகுதி இந்த சென்ட்ரல் வகைதான். நான் மகள் வீட்டில், சேலத்தில், படுத்த ராத்திரிகளில் எண் இரண்டு மூன்றில் நின்றதையும் பார்த்தபோது எனக்கு முடிவாகிவிட்டது போலத்தான் இருந்தது. தோட்டத்தை விட்டுக் கீழே இறங்கச் சொல்வாரோ?

"அவங்க கீழேருந்து மேல போனவங்க. நீங்க மலையிலயே பொறந்து வளந்தவர். உங்களுக்கு அப்படியே பொருந்தணும்னு இல்ல" என்ற டாக்டர் வரைபடத்தைப் பெரிதாக்கினார். சென்ட்ரல் கோடுகள் ராத்திரி முழுக்கப் பரவிக் கிடக்கவில்லை. ஒரு மணியிலிருந்து மூன்று மணிக்குள் குவியல் குவியலாக இருந்தன. முன்னும் பின்னும் சுத்தம்.

"பதினாலாம் தேதி ராத்திரி இந்த நேரத்துல முழிச்சிருந்தீங்களா?"

எனக்கு எங்கே ஞாபகம்? காலண்டர் போட்டோவைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரம்மா சொன்னார்: "அன்னிக்குத்தாங்க காட்டெருமை வந்துச்சு. நாயி விடாம குரைச்சுது. நீங்க எழுந்திரிக்கவே இல்ல, ஆனா பொரண்டு பொரண்டு படுத்தீங்க."

சில வருஷங்களாக எங்கள் பக்கத் தோட்டங்களில் காட்டெருமை சாதாரணம். வேலி ஓரம் வந்து நின்றால் நாய்கள் ஊரையே எழுப்பிவிடும். நான் கம்பளிக்குள் கண்ணை மூடியபடி, மிளகுக் கொடியை எது இழுக்கிறது என்று காது கொடுத்துக்கொண்டு கிடந்திருக்கிறேன். காது கொடுத்துக் கேட்கிறவன் மூச்சைப் பிடித்துக்கொள்வான். புரண்டு படுக்கும்போது ஒரு கணம் மூச்சு நிற்கும். நான் தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று வீட்டு மெஷினுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி ஸ்டடியில் மூளை அலையை அளக்க மண்டையில் ஒயர் ஒட்டுகிறார்கள். இதில் அது இல்லை. அதன் கணக்கில் மாஸ்க் போட்டவன் எல்லாம் தூங்குகிறவன். மற்றத் தேதிகளையும் ஒத்துப் பார்த்தோம். எல்லாம் காட்டெருமை இல்லை, ஆனால் பாதிக்கு மேல் மழை, நாய், கரண்ட் போய் வந்தது என்று ஏதாவது ஒன்று. மகள் வீட்டில் எண் குறைந்ததற்கு உயரம் காரணமா, அங்கே காட்டெருமை வராதது காரணமா என்று டாக்டர் சிரித்தார். சந்தேகம் மிச்சமில்லாமல் இருக்க, ராத்திரி முழுக்கப் பதிவு செய்யும் ஆக்ஸிமீட்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, மெஷினோடு ஏற்காட்டில் படுத்துப் பார்க்கச் சொன்னார். சிபாப் தானாக ஆக்சிஜனை அளப்பதில்லை என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். மிகக் குறைந்தது 89. பெரும்பாலான நேரம் 93, 94. மலையில் ஒன்றிரண்டு புள்ளி குறைவது சகஜம்தான். 74-லிருந்து வந்தவனுக்கு அது திருவிழா.

எண்களை விட்டுவிட்டு ஆளைக் கேட்கும் ஒரு வழியும் இருக்கிறது. மெல்போர்னில் மர்ரே ஜான்ஸ் என்ற டாக்டர் 1991-ல் வெளியிட்ட எப்வொர்த் அளவுகோல்: எட்டே கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண். உட்கார்ந்து படிக்கும்போது கண் சொக்குமா, டிவி பார்க்கும்போது, ஒரு மணி நேரம் காரில் பயணியாகப் போகும்போது, எதிரே ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது என்று போகும். பத்துக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். போக்குவரத்தில் வண்டி சில நிமிடம் நிற்கும்போது தூங்குவீர்களா என்பது கடைசிக் கேள்வி. மே மாத மலர்க் கண்காட்சி சமயத்தில் எங்கள் மலைப்பாதையில் வண்டி சில நிமிடமா நிற்கும்? டாக்டர் இரண்டு தாள் கொடுத்தார். ஒன்றை நான் நிரப்பினேன். இன்னொன்றை, என்னைப் பற்றி, என் வீட்டுக்காரம்மா தனியாக உட்கார்ந்து நிரப்பினார். எனக்கு நான் போட்டது 8. அவர் எனக்குப் போட்டது 13. எதிரே ஒருவர் பேசும்போது தூங்குவேனா என்ற கேள்விக்கு நான் பூஜ்யம் போட்டிருந்தேன்; அவர் இரண்டு போட்டிருந்தார். அந்தப் பேசுகிற ஒருவர் யார் என்று நான் கேட்கவில்லை.

மெஷினும் சொல்லாத, தாளும் கேட்காத ஒரு அறிகுறி ராத்திரி எழுந்து பாத்ரூம் போவது. ஏற்காட்டுக் குளிரில் திரும்பத் திரும்ப எழுந்து நடப்பது பெரிய தண்டனை. சர்க்கரை, புராஸ்டேட் என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது, ஒன்றும் இல்லை. அடைத்த தொண்டைக்கு எதிராக மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் மாறி, இதய அறை விரிந்து, உடம்பில் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று இதயம் தப்பாகக் கணக்குப் போட்டு, சிறுநீரைக் கூட்டும் ஹார்மோனைச் சுரக்கிறது. தொண்டை திறந்தே இருந்தால் இதயத்துக்கு அந்தக் குழப்பம் இல்லை. எனக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் குணமானது இதுதான், பகல் தூக்கம் குறைவதற்கும் முன்னால். ரத்த அழுத்தம் மட்டும் எதிர்பார்த்த அளவுக்கு இறங்கவில்லை. மெஷினால் சராசரியாக இரண்டு மூன்று புள்ளிதான் இறங்கும், மாத்திரையை நிறுத்தும் யோசனையே வேண்டாம் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

சிகிச்சை வேலை செய்கிறதா என்பதற்கு எனக்குக் கிடைத்த மறுக்க முடியாத சாட்சி புயலில் வந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. கரையைக் கடந்த பிறகும் அது கலையவில்லை. உள்ளே வந்து எங்கள் மலை மேல் கொட்டியது. மலைப்பாதையில் மண்சரிவு, மரம் விழுந்து கரண்ட் போயிற்று. முதல் ராத்திரி இன்வெர்ட்டரில் மெஷினை ஓட்டினேன். தண்ணீர்த் தொட்டியின் சூடுதான் பேட்டரியைக் குடிக்கும், அதை அணைத்துவிட்டால் அதிக நேரம் வரும். மறுநாள் பேட்டரியும் தீர்ந்தது. அதன் பிறகு கரண்ட் வரும்வரை பழைய ஆள்தான். முதல் நாள் காலை ஒன்றும் தெரியவில்லை, இது இல்லாமலே சமாளிக்கலாம் போலிருக்கிறதே என்றுகூடத் தோன்றியது. அடுத்தடுத்த நாட்களில் காலைத் தலைவலி வந்தது, ராத்திரி நடை வந்தது, மதியம் தலை தொங்கியது. காலண்டரில் 'கு' வரிசையாக நின்றது. பால் வண்டி வராததால் கட்டத்தில் அது மட்டும்தான் இருந்தது. சூரிச்சில் இதையே ஆய்வாகச் செய்திருக்கிறார்கள்: சிபாப் நன்றாகப் பழகியவர்களை இரண்டு வாரம் நிறுத்தச் சொன்னால் அடைப்பு சில நாளிலேயே திரும்புகிறது, காலை ரத்த அழுத்தமும் ஏறுகிறது. யாரும் இதை வீட்டில் வேண்டுமென்று செய்து பார்க்கத் தேவையில்லை, வண்டி ஓட்டுகிறவர்கள் கண்டிப்பாகச் செய்யக் கூடாது. எனக்குப் புயல் செய்து காட்டிவிட்டது.

அப்படியானால் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், அடுத்த சித்திரையில் மறுபடி பகல் தூக்கம். எண் நன்று, நேரம் நன்று, லீக் இல்லை, காலண்டர் வெறும் பால். கோடை மழை ஒன்று பெய்து காப்பி பூத்து மலையே மணத்துக் கிடந்த சமயம். அந்தப் பருவத்தில் எனக்கு மூக்கு அடைக்கும், ராத்திரியில் ஒரு சிடிரிசின் போட்டுக்கொள்வேன். மெஷினைக் கழுவிப் பிரித்து, பிரஷரை ஏற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது டாக்டர் போனில் கேட்டது ஒன்றே ஒன்று: "புதுசா என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" மாத்திரையை மாற்றி மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே எழுதிக் கொடுத்தார். தூக்கம் போயிற்று. தைராய்டு, ரத்தசோகை, மனச்சோர்வு, வெறுமனே தூக்க நேரம் போதாமை என்று பகலில் கண் சொக்க வேறு காரணங்கள் நிறைய உண்டு. மெஷின் வீட்டுக்குள் வந்துவிட்டால் பழி எல்லாம் அதன் மேல்தான் விழுகிறது.

இதெல்லாம் இப்போது எனக்கு உபயோகப்படுவது அக்கா மகனுக்காக. அவன் சங்ககிரியில் லாரி ஓட்டுகிறான், சேலம் பெங்களூர் ரூட், தொப்பூர் கணவாய் அவனுக்கு வாசல்படி. அந்தக் கணவாயில் நடக்கும் விபத்துகளைப் பேப்பரில் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவன் குறட்டைதான் ஞாபகம் வரும். எங்கள் குடும்பத்துக் கழுத்தும் தொண்டையும் அவனுக்கும். வற்புறுத்தி ஸ்டடி எடுக்கவைத்தேன். 38 வந்தது. பழைய மெஷின் ஒன்றைப் பாதி விலைக்கு வாங்கப் பார்த்தான். 2021 ஜூனில் பிலிப்ஸ், உள்ளே சத்தம் அடக்கும் நுரை உதிரக்கூடும் என்று உலகம் முழுக்க லட்சக்கணக்கான மெஷின்களைத் திரும்பப் பெற்றது. எந்த மாடல், எந்த வருஷம் என்று தெரியாமல் யாரோ ஒருவரிடம் வாங்காதே என்று தடுத்து, கார்டு போடும் வசதியுள்ள புதியது வாங்கவைத்தேன். லாரி பேட்டரியில் கன்வெர்ட்டர் மாட்டி கேபினிலேயே ஓட்டிக்கொள்கிறான்.

போன வாரம் போன் செய்தான். "மாமா, மெஷின்ல 2.4 காட்டுது. நல்லாத்தானே இருக்கேன்?"

"மணி நேரம் எவ்வளவு காட்டுது?"

"அதெல்லாம் பாக்கலிங்க மாமா."

"சரி, ராத்திரி எப்படித் தூங்கறேன்னு உன் பொண்டாட்டியைக் கேளு."

"வீட்ல எங்க மாமா படுக்கறேன், மாசத்துல பாதி நாள் வண்டியிலதான்."

"அப்ப கிளீனரைக் கேளு."

போன் கை மாறும் சத்தம் கேட்டது. கிளீனர் பையன் தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தான். "அண்ணன் ரெண்டு ரெண்டரைக்கெல்லாம் கழட்டி டேஷ்போர்டு மேல வெச்சிடறாருங்க சார். அப்புறம் பழைய கச்சேரிதான். நான் எறங்கிப் போயி பாடியில படுத்துக்குவேன்."